வியன்னா ஓபராவில் துண்டு போட்டு இடம் பிடித்தேன்

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. வத்தலக்குண்டில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். காலை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லையென்றால் அங்கும் நின்று, வகுப்பிலும் நின்று, மாலை திரும்பும்போதும் நிற்க வேண்டும். அந்தத் துண்டு வித்தை வியன்னா அரசு ஓபரா அரங்கில் எனக்குக் கைகொடுக்கும் என்று ஓய்வு பெற்ற அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தங்கை மகள் வியன்னாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்க மே மாதம் பத்து நாள் போயிருந்தேன். வியன்னா போகிறவர்கள் அரண்மனை, சர்ச், கேக் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஓபராவில், அதாவது கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் மேடை நாடகத்தில், நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட்டைப் பற்றி. அந்த ஊரில் நான் செலவழித்த யூரோக்களிலேயே உருப்படியான செலவு அதுதான்.

முதலில் நான் ஏமாந்த கதை. போய் இறங்கிய மறுநாள், ஓபரா கட்டடத்துக்கு வெளியே வெள்ளை விக்கும் சிவப்புக் கோட்டும் போட்ட ஓர் இளைஞன் என்னை வழிமறித்தான். அந்தக் கால இசையமைப்பாளர் மொஸார்ட்டின் வேஷமாம். கையில் படங்கள் ஒட்டிய ஓர் ஆல்பம். தங்க விளிம்பு வைத்த மண்டபம், தொங்கும் சரவிளக்கு, நாற்பது ஐம்பது பேர் வாசிக்கும் குழு. "இன்று இரவு, கடைசி இரண்டு டிக்கெட்" என்றான். தங்கை மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். கேட்பதற்கு ஆள் இல்லாததால் வாங்கிவிட்டேன். இரவு போய்ப் பார்த்தால் வேறு ஏதோ ஒரு தெருவில், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவில் ஓர் அறை. வாசித்தவர்கள் எட்டுப் பேர். எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு முன்னால் ஒரு தூண். குறை சொல்ல முடியாதபடி நன்றாகத்தான் வாசித்தார்கள், ஆனால் நான் கொடுத்த பணத்துக்கு அந்தத் தூணையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கலாம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. விக் வைத்தவர்கள் ஓபரா வாசலிலும் ஸ்டெஃபான் தேவாலயத்தைச் சுற்றியும் நிறைய நிற்கிறார்கள். அவர்கள் ஓபரா வாசலில் நிற்பதாலேயே ஓபராவுக்கு டிக்கெட் விற்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த மண்டபம், எத்தனை கலைஞர்கள், எந்த இருக்கை என்ற மூன்றையும் கேட்காமல் பையைத் திறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பெரியம்மா, அந்தப் பணத்தில் நிஜ ஓபராவையே நாலு தடவை பார்த்திருக்கலாம்" என்றாள். அப்போதுதான் இந்த நிற்கும் டிக்கெட் விவரம் தெரிந்தது.

வியன்னா ஓபராவில் தரைத்தளத்தின் நல்ல இருக்கைகளுக்கு இருநூறு யூரோவுக்கு மேல் ஆகும். அந்த இருக்கைகளுக்குப் பின்னால், மேடைக்கு நேர் எதிரே, நடுப் பெட்டிக்கு (மாடியில் தனியாகத் தடுத்த இருக்கைகளைப் பெட்டி என்கிறார்கள்) கீழே ஓர் இடம் இருக்கிறது. அரச குடும்பத்துப் பெட்டி இருந்த இடத்துக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நிற்பவர்களை விடுகிறார்கள். படிப்படியாக உயரும் வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி. மேடையின் நடு அப்படியே கண்ணுக்கு நேராக இருக்கும். எனக்கு ஆன செலவு, நல்ல காபிக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து காபியும் கேக்கும் சாப்பிடும் அளவுதான். இதுபோல நிற்கும் இடங்கள் மொத்தம் நானூறுக்கு மேல் இருக்கின்றன. மீதி இடங்கள் மேலே, பால்கனியிலும் உச்சியில் கேலரியிலும். கேலரிக்கு ஒலி நன்றாக ஏறி வரும் என்று பழக்கப்பட்டவர்கள் அங்கேயே போகிறார்கள். ஆனால் மேல்தளங்களின் பக்கவாட்டு இடங்களில் மேடையின் ஒரு பகுதி மறைந்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் தரைத்தளத்தையே கேளுங்கள். 'பார்டெர்' என்று சொன்னால் போதும்.

டிக்கெட் எடுக்க இரண்டு வழி. நிகழ்ச்சி நாளன்று காலை பத்து மணிக்கு இணையத்தில் விற்பனை தொடங்கும். நிகழ்ச்சிக்கு எண்பது நிமிடம் முன்னால், கட்டடத்தின் பக்கவாட்டில் ஓபெர்ன்காஸ்ஸே தெருப்பக்கம் நிற்கும் டிக்கெட்டுக்கென்றே இருக்கும் கவுண்ட்டரைத் திறப்பார்கள். பிரமாண்டமான முன்வாசலில் போய் நின்று திகைக்க வேண்டாம். நான் வரிசையையே தேர்ந்தெடுத்தேன். பாட்டு ஏழு மணிக்கு, கவுண்ட்டர் ஐந்து நாற்பதுக்கு. நான் நாலு மணிக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வயதானவர்கள். மடக்கு ஸ்டூல், புத்தகம், ரொட்டிப் பொட்டலம் எல்லாம் கையோடு. ரேஷன் கடை வரிசையைப் போல முதுகோடு முதுகாக ஒட்டாமல், ஆளுக்கு ஒன்றரை முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். ஆனால் யாருக்குப் பின்னால் யார் என்பதில் ரேஷன் கடையைவிடக் கறார். நடுவில் ஒரு பையன் தன் நண்பனை அழைத்துச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தான். ஒரு பாட்டி வாயே திறக்கவில்லை. ஒரு பார்வைதான். நண்பன் கடைசிக்குப் போய்விட்டான்.

டிக்கெட் வாங்கியதும் ஊழியர்கள் உள்ளே அழைத்துப் போகிறார்கள். இங்கேதான் துண்டு வருகிறது. நிற்கும் பகுதியில் நல்ல இடம் பார்த்து, முன்னால் இருக்கும் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் அது உங்கள் இடம். பிறகு வெளியே போய்க் காலாற உட்கார்ந்துவிட்டு, மணி அடிக்கும்போது வந்தால் போதும். பல தலைமுறை வழக்கமாம் இது. சுற்றிலும் பார்த்தேன். பட்டு ஸ்கார்ஃப், கம்பளிக் கழுத்துத்துணி, ஒருவர் கழுத்து டையையே கழற்றிக் கட்டியிருந்தார். என் பையில் இருந்தது ஓர் ஈரிழைத் துண்டு. எங்கே போனாலும் கூட வரும். தங்கை மகள் பதறினாள். "பெரியம்மா, இதையா கட்டப் போகிறீர்கள்?" என்றாள். "இடம் வேண்டுமா, மானம் வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு முடிச்சுப் போட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி, வரிசையில் முறைத்தவர்தான், துண்டின் நுனியை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். இணையத்தில் எடுக்கிறவர்கள், இட எண் இருக்கிறதா என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால் துண்டுக்கு வேலையில்லை.

கம்பி கிடைப்பது முக்கியம் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மூன்று மணி நேரம் சாய எதுவும் இல்லாமல் நிற்பதும், முழங்கையை ஊன்றி நிற்பதும் வேறு வேறு. மொழிபெயர்ப்புக் காட்டும் சின்னத் திரையும் கம்பியோடுதான் இருக்கிறது. பாடுவது இத்தாலியிலோ ஜெர்மனிலோ இருக்கும். ஆங்கிலம் உட்பட வேண்டிய மொழியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தமிழ் இல்லை.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா'. முதன்முதலாக ஓபரா பார்க்கிறவர்களுக்கு வியன்னாவில் இதைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது. இந்தக் காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் பழைய கதையை எடுத்து அலுவலகத்திலோ விமான நிலையத்திலோ நடப்பதாகப் போட்டுவிடுகிறார்கள். கதை தெரிந்தவர்களுக்கு அது சுவாரசியம், நமக்குத் தலைகால் புரியாது. ஆனால் வியன்னாவில் 'டோஸ்கா' 1958இல் மார்கரெதே வால்மன் என்ற இயக்குநர் போட்ட அமைப்பிலேயே இன்றும் நடக்கிறது. அறுநூறு தடவைக்கு மேல் மேடையேறியாயிற்று. கதையில் தேவாலயம் என்றால் மேடையில் தேவாலயம், கோட்டை என்றால் கோட்டை. 1800ஆம் ஆண்டு ரோமில் நடக்கும் கதை. ஓர் ஓவியன், அவனைக் காதலிக்கும் பாடகி, இருவரையும் பிரித்து அவளை அடையப் பார்க்கும் போலீஸ் தலைவன். ஆள் யார், வில்லன் யார் என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

முதல் அங்கத்தின் முடிவை எழுதியாக வேண்டும். தேவாலயத்தில் மணிகள் அடிக்கின்றன, பாதிரியார்கள் ஊர்வலமாக வருகிறார்கள், கூட்டம் தோத்திரம் பாடுகிறது. அதற்கு நடுவே அந்தப் போலீஸ் தலைவன் மட்டும் தன் கெட்ட எண்ணத்தைத் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறான். ஒலிபெருக்கி கிடையாது. தொண்டையும் வாத்தியமும்தான். என் முழங்கை ஊன்றியிருந்த கம்பி அதிர்வதுபோல் இருந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டின்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த அதிர்வு நெஞ்சில் வந்து விழும். அதற்குப் பிறகு அப்படி ஒன்று விழுந்தது இங்கேதான். அங்கும் நின்றுதானே கேட்டோம். வாசிப்பவர்களும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்று உலகம் கொண்டாடும் குழுவின் உறுப்பினர்கள் இந்த ஓபராவின் வாத்தியக் குழுவிலிருந்து வருகிறவர்கள்தான்.

இரண்டாம் அங்கத்தில் பாடகி அந்தப் போலீஸ் தலைவனைக் கத்தியால் குத்துகிறாள். குத்திவிட்டு உடனே ஓடவில்லை. பிணத்தின் இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைத்து, மார்பில் ஒரு சிலுவையை வைத்துவிட்டுப் போகிறாள். அந்த நேரம் முழுக்க அவள் பாடுவதே இல்லை. நானூறு பேர் நிற்கிறோம், ஒரு செருப்புச் சத்தம் இல்லை. மூன்றாம் அங்கத்தில் சாகப்போகும் ஓவியன் பாடும் பாட்டுக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரங்கமே கைதட்டியது. பக்கத்துப் பாட்டியைப் பார்த்தேன். "நயா" என்றார். வெளியே வந்ததும் தங்கை மகளிடம் அர்த்தம் கேட்டேன். 'மோசமில்லை, ஆனால் நான் கேட்காத பாட்டா' என்பதை வியன்னாக்காரர்கள் இரண்டு எழுத்தில் முடித்துக்கொள்வார்களாம்.

உடல் பட்ட பாட்டையும் எழுத வேண்டும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இடது முழங்கால் தகராறு. முதல் அங்கம் பாட்டின் சுகத்தில் ஓடிவிட்டது. இரண்டாவதில் குதிகால் சூடேறியது. இடைவேளைகளில் படிகளிலேயே பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் கொஞ்சம் பேர் கிளம்பிவிடுவதால் கடைசி அங்கத்தில் தாராளமாக இடம் கிடைக்கும். தட்டையான செருப்பு போடுங்கள். போவதற்கு முன் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். பகலெல்லாம் அரண்மனைத் தோட்டத்தில் நடந்துவிட்டு மாலை இங்கே வந்தால் தாங்காது. அன்று பகலில் வீட்டிலேயே படுத்திருங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா போட்டிருக்கும் நாளில் போகாதீர்கள். ஐந்து மணி நேரம் ஆகும், அதெல்லாம் தேறியவர்களுக்கு.

அரைக்கால் சட்டை போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மற்றபடி நிற்கிறவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு பெரிதாக இல்லை. பருத்திப் புடவையில் போன எனக்குக் கிடைத்த மரியாதைக்குக் குறைவில்லை. கோட்டையும் பெரிய பையையும் பொருள் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். நேரத்துக்குப் போய்விடுங்கள். தாமதமாக வருபவர்களை நடுவில் உள்ளே விடாத கண்டிப்பு இந்த அரங்கில் பழையது. 1897 முதல் 1907 வரை இயக்குநராக இருந்த குஸ்தாவ் மாலர் ஏற்படுத்தியது. அவருடைய தலைச் சிலை உள்ளே இருக்கிறது, பிரெஞ்சுச் சிற்பி ரோதான் செய்தது. தாமதமாக வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இடைவேளையில் மாடிப்படியைப் போய்ப் பாருங்கள். 1869இல் திறந்த கட்டடம் இது. 1945 மார்ச் 12ஆம் தேதி குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்துபோயின. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. அதனால் பளிங்குப் படி ஏறும்போது பேரரசர் காலத்தில் இருக்கிறோம், கூடத்துக்குள் நுழைந்ததும் 1955க்கு வந்துவிடுகிறோம். அந்த வருடம் நவம்பர் 5ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். ஆஸ்திரியா அந்நியப் படைகளிடமிருந்து மீண்டதும் அதே வருடம்தான். படிக்கட்டின் ஜோடனையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் கூடம் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிவது இதனால்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை.

நிற்க முடியாதவர்களுக்கும், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல நாள் உள்ளே நடப்பதை வெளியே கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுகிறார்கள். இலவசம். நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ட்ராம் சத்தத்துக்கு நடுவே கேட்டாலும், சும்மா கிடைப்பதற்கு இது அதிகம். ஜூலை, ஆகஸ்டில் ஓபராவுக்கு விடுமுறை. பள்ளி விடுமுறையை ஒட்டிக் கோடையில் போகிற நம்மவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தேதி போடுங்கள். அந்த இரண்டு மாதமும் விக் வைத்தவர்களின் ராஜ்ஜியம்தான்.

ஓபராவுக்குப் போகிற வழி சுலபம். கார்ல்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே. 1, 2, டி, 71 என்ற ட்ராம்கள் வாசலிலேயே நிற்கும். 71 மத்தியக் கல்லறைக்குப் போகும் வண்டி. யாராவது இறந்துவிட்டால் '71இல் ஏறிவிட்டார்' என்று சொல்வது ஊர் வழக்கு. இசையமைப்பாளர்கள் பீத்தோவனும் ஷூபெர்ட்டும் பிராம்ஸும் அந்தக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் போய் வந்தோம், திரும்பவும் 71இலேயே வந்தோம்.

மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. அதனால் டிக்கெட் வேண்டாம் என்று பொருள் இல்லை. தாள் டிக்கெட்டை நுழைவிடத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். வாங்காமல் பிடிபட்டால் நூறு யூரோவுக்கு மேல் போய்விடும். விமான நிலையத்திலிருந்து வரும்போது பச்சை நிறத்தில் தனி ரயில் ஒன்று பதினாறு நிமிடத்தில் கொண்டுவிடுகிறது என்று கூவுவார்கள். எஸ்7 என்ற சாதாரண ரயில் அதே வீன் மிட்டே நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிடத்தில் வருகிறது, பாதிக்கும் குறைவான கட்டணத்தில். மிச்சமாகும் பணத்தை நிற்கும் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், 1873இலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். காபிக் கடையில் காபியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் தட்டில் வைத்துத் தருவார்கள். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். கணக்குக் கொடுக்கும்போது டிப்ஸை மேஜையில் வைத்துவிட்டு வராமல், அதையும் சேர்த்து மொத்தத் தொகையை வாயால் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள்தான் கதி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். லீஷ்டென்ஷ்டைன் தெருவில் 'டீவான்' என்று ஒரு பாகிஸ்தானி உணவகம் இருக்கிறது. பருப்பு, காய்கறிக் குழம்பு எல்லாம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். ஓபராவுக்குப் போகிற அன்று மதியம் அங்கேதான் சாப்பிட்டேன். பருப்பில் காரம் மட்டும் ஐரோப்பாவுக்குப் பயந்து போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேரும்போது பத்தரை மணி. மறுநாள் காலை எழுந்தால் முழங்கால் வீங்கியிருந்தது. சோபாவில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பத்து மணி ஆவதற்காகக் காத்திருந்தாள்.

"பெரியம்மா, இன்றைக்கு பாலே. உங்களுக்கும் சேர்த்து எடுக்கவா, வேண்டாமா?"

"எவ்வளவு நேரம்?"

"இரண்டு மணி நேரம்தான்."

"எடு. அந்தத் துண்டைக் காய வைத்திருந்தேன், காய்ந்துவிட்டதா பார்" என்றேன்.